மெதுவாக ஓடிய சீடியும் என் வலது கையும்

மாப்பிள்ளையின் தாய்மாமனுடைய மண்டையை உடைத்தது நான். என் மகன் இல்லை. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். இதை வாயால் சொல்லி ஒருவரையும் நம்பவைக்க முடியாமல் இரண்டு மாதம் அலைந்தவள் நான்.

கல்யாணம் என் தங்கச்சி மகளுக்கு. தில்லையடியில் தங்கச்சி வீட்டு வளவில் பந்தல் போட்டுச் செய்தோம். நாங்கள் போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து இங்கே குடியேறியவர்கள். மாப்பிள்ளை வீட்டார் இந்த ஊரின் பழைய குடும்பம். பந்தலின் முன்பாதியில் ஆண்கள், பின்பாதியில் பெண்கள், நடுவே பச்சைச் சீலையால் ஒரு மறைப்பு. ஆண்களுக்குச் சஹன் வைத்தார்கள். பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியை வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்பது எங்கள் வழக்கம். எந்தச் சஹனில் யார் யாரோடு இருக்கிறார் என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். கவனிக்காத மாதிரிக் கவனிப்பார்கள்.

கை கழுவத் தண்ணீர் வார்க்கும் பித்தளைக் கெண்டிகளை நிரப்பி, சீலையின் இடைவெளியால் ஆண்கள் பக்கம் நீட்டுவது என் பொறுப்பு. யாரும் தரவில்லை, மூத்தவள் என்று நானே எடுத்துக்கொண்டேன். அதனால் சீலையோரம் நின்றது நான் மட்டும்தான், முதல் சஹன் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதில் ஐந்து பேர் இருந்தார்கள். ஆறாவது இடத்தில் என் மகன் போய் அமர்ந்தான். தாய்மாமன் சோற்றுக்கு மேலே கையை விரித்து மறைத்தார்.

"இது மாப்பிள்ள ஊட்டு சஹன், தம்பி. ஒனக்கி வேற வரும்."

"இடம் இருக்குத்தானே மாமா," என்றான் மகன்.

"நிவாரண லைன்ல நிண்டு பழகின ஆக்கள்தானே நீங்க. இன்னம் கொஞ்சம் நிண்டா கால் ஒடஞ்சி போயிருமா?"

சுற்றியிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மகன் எழும்பவில்லை. அவருடைய கையை மெல்ல விலக்கப் பார்த்தான். அவர் அந்தச் சோற்றுக் கையாலேயே அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். சோறும் நெய்யும் என் மகனின் தாடியில் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது என் கையை. அதில் கெண்டி இல்லை.

பித்தளை எலும்பில் படுகிற சத்தம் தனிச் சத்தம். தரையில் விழுந்தால் பித்தளை கொஞ்ச நேரம் பாடும். எலும்பில் பட்டால் ஒரே சொல்லோடு வாயை மூடிவிடும். அவர் சஹனுக்குள் முகம் குப்புற விழுந்தார். சோறு சிவந்தது. அவருடைய தம்பி கதிரையைத் தூக்கிக்கொண்டு என் மகன் மேல் பாய்ந்தார். மகன் அந்தக் கதிரையைப் பிடுங்கினான். அதன் பிறகு அது கல்யாண வீடு இல்லை. பந்தல் கம்பு முறிந்தது, பற்கள் விழுந்தன, பெண்கள் பக்கத்தில் பிள்ளைகளை அலுமாரிக்குப் பின்னால் திணித்தோம். பொலிஸ் வந்து இறங்கியபோது என் மகனின் கையில் உடைந்த கதிரைக் கால் இருந்தது. அதில் யாருடையதோ இரத்தமும் இருந்தது. கெண்டியை யாரோ எடுத்துக் கழுவி, மற்றக் கெண்டிகளோடு அடுக்கிவிட்டார்கள்.

கொலை முயற்சி என்று வழக்குப் போட்டார்கள். மகனை மறியல் சிறையில் அடைத்தார்கள்.

மகன் ஒருவன்தான் கெண்டி வந்த திசையைக் கண்டவன். ஜீப்பில் ஏற்றும்போது என்னைப் பார்த்துச் சொன்னான், "உம்மா, நீங்க வாயத் திறக்கக் கூடாது. என் மேல ஆணை." அவன் சொல்லை நான் ஒரு நாள்தான் காப்பாற்றினேன். மறுநாள் காலையிலேயே பொலிஸுக்குப் போனேன். எறிந்தது நான், பிள்ளையை விடுங்கள் என்றேன். மேசையிலிருந்த சார்ஜன் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிங்களத்தில் சிரித்தபடி சொன்னார், இங்கே வருகிற ஒவ்வொரு அம்மாவும் இதையேதான் சொல்கிறாள் என்று.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"பதினஞ்சி அடி இருக்கும்."

"இந்த வயசிலா?"

"எறிஞ்சி காட்டவா?"

"ஸ்டேஷனுக்குள்ளே எறிந்தால் உன்னையும் உள்ளே போடுவேன்."

"அதத்தானே மாத்தயா நானும் கேக்கிறன்," என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

அவர்களுக்கு என் கையைப் பற்றித் தெரியாது. மன்னாரிலும் பிறகு கற்பிட்டிப் பக்கத்திலும் நாற்பது வருடம் கடற்கரையில் கருவாடு காயவைத்தவள் நான். காகத்துக்கும் நாய்க்கும் கிட்டப் போய்த் துரத்திக்கொண்டிருந்தால் மீன் மிஞ்சாது. இருந்த இடத்திலிருந்தே சிப்பியை எடுத்து எறிய வேண்டும். நான் எறிந்தால் காகம் பறந்தபடியே விழும். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. பெருமைக்கு எழுதினாலும் அதில் பொய் இல்லை.

மகனைப் பார்க்க மறியலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அவன் முகம் வேறாக இருந்தது. ஒரு தடவை கண் வீங்கியிருந்தது. ஒரு தடவை முன்பல் இல்லை. உள்ளே இருப்பவர்களோடு சண்டை என்றான். ஒரு தடவை அவன் நிற்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கல்லால் அடித்தாலும் அழாத என் மருமகள், பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தன் நெற்றியைத் தானே இடித்துக்கொண்டு வந்தாள்.

"அவர் உள்ள சாகப்போறார் மாமி. நீங்க இன்னமும் நான் எறிஞ்சன் நான் எறிஞ்சன் என்டு ஊர் ஊராச் சொல்லிக்கொண்டு திரியுங்க."

அவளும் நம்பவில்லை. தாய்ப் பாசத்தில் உளறுகிறேன் என்று நினைத்தாள்.

கல்யாணத்தை வீடியோ எடுத்தவர், சண்டை தொடங்கியதுமே கமராவை நிற்பாட்டிவிட்டதாக இரண்டு பக்கத்துக்கும் சத்தியம் செய்திருந்தார். ஒரேயொரு சீடியில் படத்தை அடித்துத் தங்கச்சி வீட்டில் கொடுத்தார். எல்லோரும் சீடி என்றுதான் சொல்வோம். மருமகள் மட்டும் டிவிடி என்பாள். தங்கச்சி அதைப் பார்க்கவும் மாட்டேன், வீட்டில் வைத்திருக்கவும் மாட்டேன் என்று என்னிடம் தந்தாள். நான் அதை என் பையில் போட்டேன்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரட்டப்பட்டபோது வள்ளத்தில் கடல் தண்ணீர் ஏறி, காணி உறுதியும் நிகாஹ் பதிவும் கஞ்சியாய்ப் போனது. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் பல பேர் வீட்டில் கதவோரம் ஒரு பை தொங்கும். திரும்பவும் ஓடச் சொன்னால் கை போடும் முதல் சாமான் அதுதான். நான் முக்கியமானதையெல்லாம் பொலித்தீனில் சுற்றி, அலுமாரிக்குப் போடும் வெள்ளைப் பூச்சி உருண்டை நாலைந்தை உள்ளே போட்டு, வாயை நெருப்பில் காட்டி ஒட்டிவிடுவேன். காற்றும் புகாது, கறையானும் புகாது. சீடிக்கும் அதையே செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து மீன் சந்தையில் வீடியோக்காரரைக் கண்டேன். என் மகனுடைய பல் விழுந்த கதையைச் சொன்னேன். அவர் சந்தையை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உம்மா, நான் கமராவ நிப்பாட்டினது உண்ம. ஆனா அவர் விழுந்தாப் பொறகுதான் நிப்பாட்டினன். அதுக்கு முந்தினது சீடில இருக்கணும். என்னட்ட இருந்த டேப்புக்கு மேல வேற கல்யாணம் எடுத்துட்டன். எனக்கிப் பயம் உம்மா, ரெண்டு பக்கமும் என்னயத்தான் அடிப்பாங்க."

நான் அடிக்கவில்லை. வாங்கிய சூடை மீனை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் மருமகள் ஒரு சின்னக் கொமினிகேஷன் நடத்தினாள். போட்டோ கொப்பி, படிவம் நிரப்புவது, கல்யாண வீடியோவைப் பிரதி அடித்துக் கொடுப்பது. பழைய கொம்பியூட்டர் ஒன்று, அதில் சீடி வாசிக்கவும் எழுதவும் செய்யும் ரைட்டர். இரண்டு நாளில் மகனுக்குக் கோட்டில் வழக்குத் தவணை. அதற்குள் படத்தைப் பார்த்து, பிரதி எடுத்து, சட்டத்தரணியிடம் கொடுக்க வேண்டும். பொலித்தீனைப் பிய்த்துச் சீடியைக் கொடுத்தேன். ரைட்டர் அதை விழுங்கியது.

எனக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். ஆனால் அந்த ரைட்டரின் சத்தத்தை ஆறு வருடம் சமையலறையிலிருந்து கேட்டவள் நான். நல்ல சீடி போட்டால் ஊதிக்கொண்டு கிளம்பும், பிறகு ஒரே சீராய் இரையும். அன்று கிளம்பியது, இறங்கியது, டக் டக் என்றது, திரும்பவும் கிளம்பியது. படம் பொண்ணின் கையைக் காட்டியது, நின்றது. பந்தலைக் காட்டியது, நின்றது. சஹனைக் கொண்டுவந்து வைத்தார்கள். தாய்மாமன் சோற்றுக்கு மேலே கையை விரித்தார். அங்கே நின்றது நின்றதுதான்.

மருமகள் வெளியே எடுத்துத் திரும்பப் போட்டாள். அதே கை. கொம்பியூட்டரை நிற்பாட்டிப் போட்டாள். அதே கை. படத்தைப் பார்க்காமல் பிரதி மட்டும் எடுக்கப் பார்த்தாள். திரையில் ஒரு கோடு நகர வேண்டும், அது நகரவில்லை. ஒரு மணித்தியாலத்தில் நகத்தளவு போனது. ரைட்டர் உள்ளே தூசி பிடித்திருக்கும் என்று காற்று ஊதினாள், கண்ணாடியைத் துடைக்கும் சீடியை ஓடவிட்டாள். மீண்டும் அந்தக் கை, அந்தச் சோறு.

எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெட்டியின் மண்டையில் இரண்டு குத்து விட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"உடச்சிராதீங்க மாமி! இதுவும் போனா எல்லாம் போச்சு."

"நீ சரியாப் பாக்காமத்தான் போகுது. புருஷன் உள்ள கிடக்க உனக்கு அவசரம் ஒண்டும் இல்ல."

"எனக்கா? எனக்கா அவசரம் இல்ல?"

அவள் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. நான் அறைந்தேன். மறைக்க ஒன்றுமில்லை, நடந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் தோலுக்குள் இறங்கியது.

"இன்னொரு தரம் ஓங்கினீங்க என்டா நானும் ஓங்குவன். மாமி என்டு பாக்க மாட்டன். இந்தக் கை அடிக்க மட்டும்தான் தெரிஞ்ச கை."

"எறியவும் தெரியும்," என்றேன்.

"ஓம், ஓம். நீங்கதான் எறிஞ்ச. சிரிப்பு வரல மாமி."

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. தாய்மாமனின் தம்பி. கையில் பொல்லு. மீன் சந்தையில் நான் ஓடியதைக் கண்ட யாரோ கதையைக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

"சீடி எங்க?"

"வாசல்ல நிண்டு சலாம் சொல்லிப் பழகல்லயா?" என்றேன்.

"கிழட்டுச் சனியன், சீடி எங்கண்டு கேட்டன். எங்கட காக்காட மானத்த ஊரெல்லாம் ஓட்டிக் காட்டப் போறீங்களா?"

காக்கா என்றது தன் அண்ணனை, அந்தத் தாய்மாமனை. முதல் அடி மேசைக் கண்ணாடியில். பேனைகளும் முத்திரைகளும் கண்ணாடித் துண்டுகளோடு பறந்தன. இரண்டாவது அடி போட்டோ கொப்பி மெஷினில். மருமகள் கொம்பியூட்டரின் மேல் குப்புறக் கவிழ்ந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவர் அவளுடைய தோளில் ஒன்று போட்டார். அவள் கத்தவில்லை, விடவுமில்லை. நான் குறுக்கே போனேன். என்னைத் தள்ளினார். கதவு நிலையில் தலை மோதியது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கி, உலகம் பாதி சிவப்பாய்ப் போனது. நான் தரையில் கிடந்தபடி பார்க்க, அவர் மருமகளின் முதுகுக்கு நேரே பொல்லை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார்.

என் கைக்குக் கிட்டக் கிடந்தது, தடித்த தாள்களைக் குத்தும் பெரிய இரும்புக் குத்தி. எடுத்தேனா, எறிந்தேனா, எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அவருடைய வலது கை மொளியில் போய் இறங்கியது. விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பொல்லு அவருடைய காலிலேயே விழுந்தது. அவர் கையை வயிற்றுக்குள் வைத்து மடிந்துகொண்டு வெளியே ஓடினார். தெருவிலிருந்து கத்தினார், "அஸருக்குள்ள காக்காவக் கூட்டிட்டு வாறன். ஊட்டோட கொளுத்துறன் பாரு!"

மருமகள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். தரையில் கிடந்த என்னையும், அந்தக் குத்தி கிடந்த இடத்தையும், நடுவில் இருந்த தூரத்தையும் பார்த்தாள்.

"மாமி," என்றாள். "நீங்கதானா?"

"ரெண்டு மாசமா என்ன சொல்லிக்கொண்டு இருக்கிறன்?"

அவள் தன் முந்தானையைக் கிழித்து என் தலையில் கட்டினாள். கட்டும்போது கொஞ்சம் இறுக்கியே கட்டினாள். அறைந்ததற்கான கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

சீடியை வெளியே எடுத்தாள். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து மணந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இது என்ன மணம்?"

"பூச்சி உருண்ட. பழுதாகாம இருக்கப் போட்டன்."

"சீடிக்கா? பூச்சி உருண்டயா?"

"ஏன், கறையானுக்குச் சீடி எது உறுதி எது என்டு தெரியுமா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பொலித்தீனுக்குள் இரண்டு மாதம் மூடிக் கிடந்ததில் உருண்டை கரைந்து ஆவியாகி, சீடியின் முகத்தில் பால் ஆடை மாதிரிப் படிந்திருந்தது. நேரே பார்த்தால் தெரியாது, சரித்தால் தெரியும். ரைட்டரின் கண் அந்த ஆடைக்குள்ளால் பார்க்க முடியாமல், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவியிருக்கிறது. பத்திரப்படுத்துகிறேன் என்று என் மகனைப் பூட்டி வைத்தது நானேதான்.

சட்டி கழுவும் சவர்க்காரத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்துக் கழுவினோம். நான் தட்டுக் கழுவுகிற மாதிரி வட்டமாய்த் தேய்த்தேன். "வட்டமா இல்ல, நடுவிலிருந்து வெளிய இழுங்க. வட்டமாக் கீறினா வாசிக்க ஏலாது," என்று கத்தினாள். பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தேன், மீனுக்குச் செதிள் எடுக்கிற மாதிரி, ஆனால் மெதுவாக. ஈரம் காயட்டும் என்று கொல்லை வெயிலில் வைக்கப் போனேன். பாய்ந்து வந்து பறித்தாள்.

"கருவாடா இது? வெயில் பட்டா எழுதினது அழிஞ்சிடும்!"

வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றோம். என் தலையிலிருந்து இரத்தம் சொட்டி அதில் விழாமலிருக்க நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போட்டோம். டக் டக் சத்தம் நின்றுவிட்டது. சீராய் இரைந்தது. ஆனால் கோடு நகரவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். படம் இன்னும் இழுத்து இழுத்தே நடந்தது. பாங்குக்கு ஐம்பது நிமிஷம்.

இப்போது மருமகள் கத்தவில்லை. யோசித்தாள். கொம்பியூட்டர் வாங்கியபோது அதோடு வந்த சீடியை எடுத்துப் போட்டாள். பெட்டியிலிருந்து வெளியே வராத, கீறலே இல்லாத சீடி. அதுவும் மெதுவாய்த்தான் ஓடியது.

"நேத்து இது பறந்தது மாமி. அப்ப பிழ சீடில இல்ல. பாருங்க, அம்புக்குறி கூட விக்கி விக்கிப் போகுது. வாசிக்கிற வேலய முழுக்கக் கொம்பியூட்டரே தலையில தூக்கி வச்சிருக்கு."

டவுனில் கொம்பியூட்டர் திருத்துகிறவருக்குப் போன் எடுத்தாள். அவர் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கடைசியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் மூன்று எழுத்தைத் தொட்டுக் காட்டினாள். பீ, ஐ, ஓ. எனக்கு எழுத்துப் புரியவில்லை, அவள் முகம் புரிந்தது.

"காலைலருந்து அந்த அழுக்குச் சீடியோட தடுமாறினதில ரைட்டர் பல தரம் பிழ விட்டிருக்கு. பல தரம் பிழ விட்டா, கொம்பியூட்டர் இதுக்கு வேகம் சரி வராது என்டு நினச்சி, பழைய மெது வழிக்கு மாத்திடுமாம். பிறகு எவ்வளவு நல்ல சீடி போட்டாலும் தானா வேகத்துக்குத் திரும்பாதாம். நாங்கதான் திருப்ப வேணும்."

"அடி வாங்கின மாடு மாதிரியா?"

"கிட்டத்தட்ட. அந்த இணைப்ப அழிச்சிட்டு மெஷின நிப்பாட்டித் திரும்பப் போட்டா, முதல் நாள் மாதிரி எல்லாத்தயும் புதுசாப் பாக்குமாம்."

"அழிச்சா படம் போயிடாதா?"

"படம் சீடில. இது வேற. மாமி, தள்ளி நில்லுங்க."

அழித்தாள். திரை கறுத்தது. அந்தக் கறுப்புக்குள் என் முகம் தெரிந்தது, கிழிந்த சீலைக் கட்டோடும் இரத்தத்தோடும். வெளியே யாரோ கதவைப் பார்த்துக் கல் எறிந்தார்கள். ஒன்று. இரண்டு. எறிந்தவனுக்குக் குறி இல்லை, ஓட்டில் பட்டு உருண்டது.

திரை வெளுத்தது. சீடியைப் போட்டாள். ரைட்டர் ஊதிக்கொண்டு கிளம்பியது. என் உடம்புக்குள் ஏதோ அதோடு சேர்ந்து கிளம்பியது. கோடு ஓடியது, கண்ணால் பார்க்க ஓடியது. படம் முழுவதும் கொம்பியூட்டருக்குள் வந்துவிட்டது என்றாள். உடனே புதுச் சீடிகளில் மூன்று பிரதி அடித்தாள். பிறகுதான் படத்தைப் போட்டாள்.

அறை விழுந்தது. மகனின் தாடியில் சோறு. பச்சைச் சீலையின் இடைவெளியால் ஒரு கை. கெண்டி பறந்தது. நெற்றி. மருமகள் கையை மட்டும் நிற்பாட்டிப் பெரிதாக்கினாள். முழங்கைக்குக் கீழே திருக்கை வால் கீறிய நீளத் தழும்பு. அவள் என் கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அந்தத் தழும்பை விரலால் ஒரு தரம் தடவினாள்.

அஸருக்கு முன்னமே வந்துவிட்டார்கள். தம்பி கையில் துணி சுற்றிக்கொண்டு, பின்னால் தாய்மாமன் நெற்றியில் குழி விழுந்த முகத்தோடு. கதவை உதைத்தார்கள். நானே திறந்தேன்.

"உள்ள வாங்க. கண்ணாடி கிடக்கு, செருப்பக் கழட்ட வேணாம். இருங்க. பாத்துட்டுக் கொளுத்துங்க."

பார்த்தார்கள். கெண்டி வந்தது. தாய்மாமன் திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும் கெண்டி வந்தது. அவர் என் கையைப் பார்த்தார். இரண்டு மாதமாக, மூன்று இளந்தாரிகள் சேர்ந்து பிடித்து வைத்து அடித்துப்போட்டார்கள் என்று பள்ளி வாசலில் கதைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

தம்பிக்கு முறிந்த விரலோடும் சிரிப்பு வந்துவிட்டது. "காக்கா, கிழவியா?"

தாய்மாமன் விட்ட அறையில் தம்பி கண்ணாடித் துண்டுகளுக்கு மேலே குந்திவிட்டார். பிறகு தாய்மாமன் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"இத கோட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. மகன் அடிக்கல்லண்டு நானே போய்ச் சொல்றன். மத்தத நாங்க பேசி முடிப்போம்."

மருமகள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் புருஷன் வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. சரி என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. ஆனால் அப்படி வந்தால் என் மகன் எப்படி வருவான்? இவர் இரங்கி விட்டுக் கொடுத்தவனாக வருவான். அடுத்த கல்யாணத்திலும் இவர் சோற்றுக்கு மேலே கையை விரிப்பார், அவன் எழும்பித்தான் போக வேண்டும்.

"அந்தக் கையையும் ஜட்ஜ் பாக்கட்டும்," என்றேன். "உங்கட கைய. பிறகு என்ட கைய."

தவணை நாளில் கோட்டில் படத்தை ஓட்டினார்கள். தடங்கலே இல்லை. சட்டத்தரணி எனக்கு மூன்று தரம் சொல்லித் தந்திருந்தார்: கெண்டி ஈரம், கை வழுக்கியது, அப்படிச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். கூட்டில் நின்ற என் மகன் தலையை ஆட்டி ஆட்டி உண்மையைச் சொல்ல வேண்டாம் என்றான். நீதவான் கேட்டார், மொழிபெயர்ப்பவர் தமிழில் தந்தார், "கெண்டி கை தவறிப் போனதா?"

"இல்ல. எறிஞ்சன்."

"யாருக்கும் படக்கூடும் என்று தெரியாமல் எறிந்ததா?"

"நெத்தியக் குறி பாத்து எறிஞ்சன். குறி தப்பல்ல."

மொழிபெயர்ப்பவர் என்னைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மெதுவாக்கி ஏதோ சொன்னார். காய்ந்த கருவாட்டைச் சந்தையில் இத்தனை வருடம் விற்றவளுக்குச் சிங்களம் தெரியாதா? நானே நேராக நீதவானுக்குச் சிங்களத்தில் இன்னொரு தரம் சொன்னேன். கோட்டுக்கு வந்திருந்த அந்தப் பொலிஸ் சார்ஜன் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

மகனைப் பிணையில் விட்டார்கள். என்னைப் பதினான்கு நாள் மறியலில் வைக்கச் சொன்னார்கள். பெண் பொலிஸ் வந்து என் கையைப் பிடித்தாள், சரியாக அந்தத் தழும்பின் மேலேயே. மருமகள் தோள் வலியோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அந்தச் சீடியக் கழுவிக் கழுவி எடுத்தது நீங்க இப்பிடிச் சொல்லி உள்ள போகவா மாமி?"

"பின்ன எதுக்கு?" என்றேன். கதவோரப் பையைத் தோளிலிருந்து கழற்றி அவளிடம் கொடுத்தேன். "உள்ள இருக்கிற பூச்சி உருண்டய எடுத்து வெளிய போடு. மற்ற சீடி ரெண்டும் அதுக்குள்ளதான் இருக்கு."